‘எழுதலியே’ என்று சொன்ன குரல்

அந்தத் தாளை ரைட்டருடைய மனைவி ஒரு துணிக்கடைப் பைக்குள்ளிருந்து எடுத்து என் மேசைமேல் வைத்தார். நான்காக மடித்திருந்த கிரயப் பத்திர டிராஃப்ட். முத்திரைத்தாளில் ஏற்றுவதற்கு முன், வாங்குகிறவரும் விற்கிறவரும் படித்துப் பார்ப்பதற்காக வெள்ளைத் தாளில் அச்செடுத்துக் கொடுப்பார்களே, அது. நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் இடத்தில் அந்த அம்மா விரலை வைத்துக் காட்டினார். கிழக்கில் வண்டிப்பாதை, மேற்கில் ஏரி வாய்க்கால், தெற்கில் இன்னாருடைய புஞ்சை என்று ஒழுங்காக வந்துகொண்டிருந்த வாக்கியம் வடக்குக்கு வந்ததும் மாறியிருந்தது. ‘வடக்கில் நீ எழுதலியே.’ அதே எழுத்து, அதே இடைவெளி, கடைசியில் முற்றுப்புள்ளி. அடுத்த வரியிலிருந்து பத்திரம் எதுவுமே நடக்காததுபோல மேலே போயிருந்தது.

“வாங்குறவருதான் மேடம் மொதல்ல பார்த்தாரு. ‘இன்னா ரைட்டரே, வடக்குல இன்னா எழுதி வெச்சிக்கிறீங்க’ன்னு கேட்டாராம். இவரு கண்ணாடியக் கழட்டி மேச மேல வெச்சிட்டுக் கம்முனு குந்திக்கினாராம். காதுல யாரோ பேசறாங்கன்னு சொல்றாரு. அதுலேருந்து வேலைக்குப் போவல” என்றார் அந்த அம்மா. ரைட்டர் பக்கத்து நாற்காலியில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். சலவை செய்த வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. தன்னைப் பற்றிய பேச்சு நடப்பதை, வேறு யாருடைய வில்லங்கத்தையோ கேட்டுக்கொண்டிருப்பவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். திண்டிவனம் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில் இருபத்தைந்து வருடமாகப் பத்திரம் எழுதுகிறவர். ஊரில் அவருக்கு ரைட்டர் என்பதுதான் பெயர். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன்.

அப்போது நான் மனநல ஆலோசகராக வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீடு விழுப்புரத்தில். வாரத்தில் இரண்டு நாள் பஸ் பிடித்துத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போவேன். எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, மூன்று நாற்காலி, ஒரு மேசை விசிறி, ஒரு கட்டுப் படிவங்கள். செவ்வாய்க்கிழமைகளில் டாக்டர் வருவார். அவர் மாத்திரை எழுதுவார், நான் பேசுவேன். காதில் குரல் கேட்கிறவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குரல் என்ன சொல்கிறது என்பதற்குள் போகாதே. அது நோயின் சத்தம், அதில் பொருள் தேடாதே. எத்தனை தடவை வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, தூங்க முடிகிறதா, இவற்றைக் கேள். கவனத்தைத் திருப்பக் கற்றுக்கொடு. இதையெல்லாம் எழுத வேண்டிய கட்டங்கள் அந்தப் படிவத்தில் இருந்தன. அந்தக் கட்டங்களை நிரப்புவதில் நான் கெட்டிக்காரி.

ரைட்டரும் ஒழுங்கான நோயாளி. மாத்திரையை ஒரு வேளை விடமாட்டார். காதில் இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேளுங்கள் என்றேன், கேட்டார். நூறிலிருந்து கீழே எண்ணுங்கள் என்றேன், எண்ணினார். ஒவ்வொரு முறை வரும்போதும் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, திங்கள் எட்டு தடவை, செவ்வாய் ஆறு தடவை என்று படிப்பார். ஏழெட்டு மாதத்தில் எட்டு, நான்காகக் குறைந்தது. என் படிவத்தில் ‘முன்னேற்றம்’ என்று எழுதினேன். மாத்திரையால் விரல்கள் கனத்துப்போய், தட்டச்சுப் பலகையில் கை ஓடவில்லை என்பதையும், அவர் நாள் முழுக்க வீட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார் என்பதையும் எழுத அதில் கட்டம் இல்லை. அவர் மனைவிக்குக்கூட அது ஒருவிதத்தில் நிம்மதியாகத்தான் இருந்தது. மனுஷன் சத்தம் போடாமல் இருக்கிறாரே, அது போதும் என்றார்.

ஒரு நாள் துண்டுக் காகிதத்தைப் படித்து முடித்தபின் அவர் எழுந்து போகவில்லை.

“ஒண்ணு கேக்கலாங்களா மேடம்?”

“கேளுங்க ரைட்டர் சார்.”

“எத்தினி வாட்டி வருதுன்னு கேக்கறீங்க. எவ்ளோ நேரம் இருக்குதுன்னு கேக்கறீங்க. என்னா சொல்லுதுன்னு ஒரு நாளும் கேக்கலியே.”

நான் படித்ததைச் சொன்னேன். அதைப் பற்றிப் பேசினால் அதற்குப் பலம் கொடுத்ததுபோல ஆகிவிடும், கண்டுகொள்ளாமல் விட்டால் தானாக மங்கும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“எங்கிட்ட ஒருத்தர் பத்திரம் எழுத வந்தா, மொதல்ல என்னா விஷயம்னு கேப்பேன் மேடம். அத்த கேக்காம எத்தினி பக்கம் வரும்னு கேக்கமாட்டேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த இரண்டு முறையும் வரவில்லை. மாத்திரையை மட்டும் மனைவி வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அந்தச் சமயத்தில்தான் விழுப்புரத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. பேச வந்தவர்களில் ஒரு பெண்மணி, தனக்கே இருபது வருடமாகக் குரல் கேட்கிறது என்று சொல்லித் தொடங்கினார். அறையில் நாற்காலிகள் அசைகிற சத்தம் கேட்டது. நானும் சற்றுப் பின்னால் சாய்ந்துகொண்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் சொன்ன முறை நான் படித்ததற்கு நேர் எதிரானது. குரலை விரட்டாதீர்கள், விசாரியுங்கள். ஆண் குரலா, பெண் குரலா, தெரிந்தவர் குரலா? முதலில் வந்தபோது அந்த மனிதருடைய வாழ்க்கையில் என்ன நடந்துகொண்டிருந்தது? எந்த நேரத்தில் வருகிறது, என்ன கேட்கிறது? அதற்கென்று ஒரு நேரத்தை ஒதுக்கச் சொல்லுங்கள். மற்ற நேரத்தில் வந்தால், பிறகு வா என்று சொல்லப் பழக்குங்கள். இது எல்லாருக்கும் பலிக்காது என்றும், மாத்திரையை நிறுத்துவதற்கான வழி இது இல்லை என்றும் அவரே சொன்னார்.

எனக்குப் பாதிதான் நம்பிக்கை வந்தது. மறுவாரம் டாக்டரிடம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து யோசித்தார். “கேளும்மா, கேக்கறதுல தப்பில்ல. ஆனா அது அவர எதையாவது பண்ணச் சொல்லுச்சின்னா, தனக்கோ மத்தவங்களுக்கோ, அன்னைக்கே எனக்குத் தெரியணும். மாத்திரைல கை வைக்காத” என்றார்.

ரைட்டரைத் தேடிக்கொண்டு போனேன். பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரில், தன்னுடைய பழைய இடத்துக்கு இரண்டு கடை தள்ளி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பதிவுக்கு வரும் ஆட்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “என்னா விஷயம்னு கேக்க வந்திருக்கேன்” என்றேன். அவர், “டீ சாப்புடறீங்களா மேடம்” என்றார்.

அதன்பிறகு ஐந்தாறு வாரம் பேசினோம். அவர் ஒரு நோட்டு போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு குரல்கள் என்று அதில் எழுதியிருந்தது. ஒன்று ஒரு பெண்ணுடையது, யாரென்று தெரியாது. மத்தியான வேளையில் அவர் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடும். “அந்தம்மா ஒண்ணும் பண்ணமாட்டாங்க மேடம். மாத்தர சாப்ட ஆரம்பிச்சதும் மொதல்ல அவங்கதான் நின்னு போனாங்க. மத்தது நிக்கல” என்றார். அவர் அதை ஒரு குறையாகத்தான் சொன்னார். எட்டு, நான்காகக் குறைந்தது என்று நான் எழுதிய முன்னேற்றத்தில் பாதி, அவர் இழக்க விரும்பாத ஒன்று என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மற்றது அவருடைய அண்ணன் குரல். அண்ணன் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மயிலத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய ஊர். அப்பாவின் நிலத்தை இருவரும் பிரித்துக்கொண்டபோது பாகப்பிரிவினைப் பத்திரத்தை ரைட்டரே எழுதினார். அண்ணனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அதற்குமேல் படிக்க வராது. ரோட்டோரத்து நிலம் அண்ணனுக்கு, கிணறு இருந்த பாகம் தம்பிக்கு. கிணற்றுத் தண்ணீரில் இருவருக்கும் பாத்தியம் உண்டு என்று வாய்ப்பேச்சில் முடிவாகியிருந்தது. அந்த ஒரு வரி பத்திரத்தில் இல்லை. அடுத்த கோடையில் மோட்டார் போடும் முறை பற்றிப் பேச்சு வந்தபோதுதான் அது அண்ணனுக்குத் தெரிந்தது. அவர் சண்டை போடவில்லை. “எழுதலியே” என்று ஒரு வார்த்தை சொன்னார். பிறகு மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய ஒவ்வொரு முறையும் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்று, பாய்ச்சிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு கோடை அப்படிக் கேட்டார். மூன்றாவது கோடைக்கு முன்னால் மாரடைப்பில் போய்விட்டார்.

“மறந்து போச்சின்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன்” என்றார் ரைட்டர். நோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இருவத்தஞ்சி வருசமா எழுதறேன். அடுத்தவங்க பத்திரத்துல ஒரு வரி வுட்டதில்ல. மறந்துதான் போச்சா, இல்ல வேணும்னே வுட்டனா, எனக்கே தெரியல மேடம்.”

இதைக் கேட்டபோது உள்ளுக்குள் எனக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி. பூட்டைப் பார்த்தாயிற்று, சாவியும் கையில் இருக்கிறது என்று நினைத்தேன். அதனால் அவசரப்பட்டேன். அடுத்த வாரமே அண்ணனுக்கென்று மாலை ஐந்தரையிலிருந்து ஆறு வரை ஒதுக்கச் சொன்னேன். மற்ற நேரத்தில் வந்தால் இன்ன மாதிரி சொல்லுங்கள் என்று வாக்கியமும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மரியாதையாகத் திருத்திக்கொண்டார். “அண்ணே, இப்ப வேலையா இருக்கேன். அஞ்சரைக்கு வாங்க.” முதல் வாரத்தில் குரல் இரண்டு மடங்காயிற்று. இரண்டாம் வாரத்தில் அது எப்போதும் சொல்லாத ஒன்றைச் சொன்னது. எழுதாத கை எதற்கு, வெட்டிப்போடு என்றது. அதை அவர் என்னிடம் சொன்னபோது அவருடைய வலது கையை இடது கை பிடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கே டாக்டரிடம் சொன்னேன். அன்று மத்தியானமே விழுப்புரத்துக்கு அழைத்துப்போய் வார்டில் சேர்த்தோம். மாத்திரை கூடியது. அவர் மனைவி வார்டு வாசலில் என்னை நிறுத்தினார். “கம்முனு இருந்த மனுஷன் மேடம். பேச வெச்சிப் பேச வெச்சி இந்த கதிக்குக் கொண்டாந்து வுட்டுட்டீங்க. உங்களுக்கு இன்னா, சாயந்தரமானா வீட்டுக்குப் போயிடுவீங்க. நான்தான வீட்ல கத்தி, அருவாமனையெல்லாம் எடுத்து ஒளிச்சி வெச்சிக்கினு இருக்கேன்” என்றார். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னதில் தவறு இருப்பதாக எனக்குப் படவில்லை. வீட்டுக்குப் போனேன். சாயந்தரமாகியிருந்தது.

நான்காம் நாள் வார்டுக்குப் போனபோது, மறுபடி படிவத்துக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ரைட்டர் கட்டிலில் சாய்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாக்கு கொஞ்சம் குழறியது.

“இனிமே அதப் பத்திப் பேச வேணாம் ரைட்டர் சார். என் மேலதான் தப்பு.”

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். “நேத்து மறுபடி வந்துது மேடம். வெட்டு வெட்டுன்னுது. நான் கேட்டேன், எழுதலியே எழுதலியேன்னு சொல்றீங்களே அண்ணே, கைய வெட்டிட்டா அத்த எதால எழுதறதுன்னு. கப்சிப்னு ஆயிடிச்சி. இத்தினி வருசத்துல மொத தபா பதில் சொல்லாம போனாரு.” அவர் முகத்தில் ஏறக்குறைய ஒரு சிரிப்பு இருந்தது. “நிறுத்திடாதீங்க. மெதுவா போவலாம்” என்றார்.

மெதுவாகப் போனோம். அடுத்த முறையிலிருந்து மனைவியையும் உட்கார வைத்தேன். அது முதலிலேயே செய்திருக்க வேண்டியது. குரல் மிரட்டினால் என்ன செய்வது, யாருக்கு போன் செய்வது என்று மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்து, அந்த அம்மாவே அதை ஒரு தாளில் எழுதி அடுப்படி அலமாரியில் ஒட்டினார். ஐந்தரை மணிப் பேச்சைப் பத்து நிமிடமாகக் குறைத்தோம். அந்தப் பத்து நிமிடமும் அந்த அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். இன்னா சொல்றாரு உங்க அண்ணன் என்று இடையில் கேட்பாராம். மூன்று மாதம் கழித்து ரைட்டர் ஒரு பிழைதிருத்தல் பத்திரம் எழுதினார். கிணற்றில் பாதிப் பாகமும், தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியமும் அண்ணன் குடும்பத்துக்கு உண்டு என்று. கை கனத்துக் கிடந்ததால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, முடிக்க ஆறு நாள் ஆயிற்று. யாரும் சொல்லி அவர் அதைச் செய்யவில்லை.

டிராஃப்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். துணைக்கு மனைவி போனார், அவர்கள் கேட்டுக்கொண்டதால் நானும் போனேன். அவருடைய அண்ணி கேழ்வரகுக் கதிரைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, ரைட்டர் படித்துக் காட்டியதை முழுக்கக் கேட்டார்.

“கெணறு தூந்து போயி இத்தினி நாளாச்சே தம்பி. நாங்கதான் போர் போட்டுக்கினோமே. இப்ப எதுக்கு இது?”

“எழுதலியே அண்ணி” என்றார் ரைட்டர்.

அந்த அம்மாள் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். குரல் விஷயம் அவருக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. “உங்க அண்ணன் ஒரு நாளும் உன்ன வையல. எம் தம்பி படிச்சவன், அவனுக்குத் தெரியாதான்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு” என்றார். அது ஆறுதலா, குத்தலா என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் மகளையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறித் திண்டிவனம் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தண்ணீர் இல்லாத கிணற்றின் பாதி முறைப்படி அவர்கள் பேருக்குப் பதிவானது.

அன்றோடு குரல் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. இரண்டு நாள் கழித்து அதே “எழுதலியே” வந்தது. எனக்குத்தான் ஏமாற்றம், ரைட்டருக்கு இல்லை. “எழுதிட்டேன் அண்ணே” என்று சொல்லி, ஆவண எண்ணையும் வருடத்தையும் சொல்லுவாராம். எண்ணைச் சொன்னதும் அது அடங்கிவிடும். பிறகு மெல்ல மெல்லக் குரலின் பேச்சே மாறியது. மழை வரப்போகிறது, கொடியில் துணி கிடக்கிறது என்கிற மாதிரி சில்லறைப் பேச்சுகள். டாக்டர் ஒன்றரை வருடத்தில் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார், முழுக்க நிறுத்தவில்லை. விரல்கள் திரும்பி வந்தன. மத்தியானத்துப் பெண் குரல் மட்டும் திரும்பவே இல்லை. இப்போதும் ரைட்டர் அதே இடத்தில் பத்திரம் எழுதுகிறார். ஒவ்வொரு டிராஃப்டையும் அவர் மனைவி ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகுதான் வெளியே கொடுக்கிறார். அவரிடம் எழுதினால் பிழை இருக்காது என்று ஊரில் பேச்சு.

நான் இப்போது விழுப்புரத்திலேயே இருக்கிறேன், புதிதாக வருகிற ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. விசாரியுங்கள், ஆனால் அவசரப்படாதீர்கள், வீட்டில் இருப்பவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், டாக்டரை விட்டுவிடாதீர்கள் என்று சொல்கிறேன். காரணம் தெரிந்ததால் மட்டும் குரல் போய்விடாது என்றும் சொல்கிறேன். குரல் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று எல்லா வகுப்பிலும் சொல்வேன்.

போன வருடம் என் அம்மா இறந்துபோனார். கடைசி இரண்டு வருடம் என்னோடுதான் இருந்தார். காரியமெல்லாம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையில் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அம்மா என்னைக் கூப்பிட்டார். நினைவு அல்ல, மனசுக்குள் கேட்டதும் அல்ல. கூடத்திலிருந்து, முழங்கால் வலியோடு எழுந்திருக்க முடியாதபோது கூப்பிடுகிற அதே இழுப்போடு, “பாப்பா.” கத்தியைக் கீழே வைத்தேன். கூடத்தில் யாரும் இல்லை. துக்கத்தில் இருப்பவர்களுக்கு இப்படிக் கேட்பது சகஜம் என்று எனக்குத் தெரியும், வகுப்பில் நானே சொல்கிற பாடம். ஆனால் கணவரிடம் சொல்லவில்லை. கூட வேலை செய்கிறவர்களிடமும் சொல்லவில்லை. மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்துவிட்டு, நான்காம் நாள் ரைட்டருக்கு போன் செய்தேன்.

அவர் முழுக்கக் கேட்டார். பின்னணியில் பிரிண்டர் ஓடுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. எத்தனை தடவை என்று கேட்கவில்லை. தூங்குகிறீர்களா, சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்கவில்லை.

“நீங்க பதில் சொன்னீங்களா?” என்றார்.

“இல்ல.”

“அம்மா கூப்புட்டா ‘இன்னாம்மா’ன்னு கேக்கணும் இல்லீங்களா?” என்றார். பிறகு, ஆட்கள் காத்திருக்கிறார்கள், சாயந்தரம் பேசுகிறேன் என்று போனை வைத்தார்.

அதன்பிறகு அந்தக் குரல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடத்தில் டிவி ஓடினால், சமையலறைக்குப் போகிற வழியில் அதை நிறுத்திவிட்டுப் போகிறேன்.